நான் என்று எழுவது எது?

திருச்சிற்றம்பலம்



மலைமேல் சதுரகிரியில் மகாலிங்கமாகவும், திருவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் வைத்தியநாதனாகவும் எழுந்தருளி இந்நாட்டு மக்களைக் காத்துவரும் பெருமானுடைய திருவடிகளை முதற்கண் வணங்குகின்றேன். திருமாலின் திருப்பெயரைத் தன் பெயராகக் கொண்ட இந்தக் கிருஷ்ணன்கோவிலில் சிவபெருமான் திருவிழாவை முன்னிட்டுச் சித்தாந்தம் கேட்க இத்துணை அன்பர்கள் கூடியிருப்பது, நம் முன்னோர் வளர்த்த பண்பின் பயன்.

இன்று விரித்துரைக்க எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். "நான்" என்பது அச்சொல். விடியற்காலை கண் விழித்தது முதல் இரவு கண் மூடும் வரை நாம் இச்சொல்லை எத்தனை முறை சொல்லுகின்றோம்! நான் வந்தேன், நான் உண்டேன், நான் கட்டினேன், நான் கொடுத்தேன். இவ்வளவு பழகிய சொல்லுக்குப் பொருள் யாது என்று கேட்டால் விடை எளிதில் வருவதில்லை. பெயரா? அது பெற்றோர் இட்டது. உடம்பா? அது ஆண்டுதோறும் மாறுகின்றது. பதவியா? அது ஓய்வு பெறும் நாளில் போய்விடுகின்றது.

இக்கேள்விக்கு இக்காலத்து மருத்துவ விஞ்ஞானிகள் ஒரு விடை கூறுகின்றனர். "நான் என்னும் உணர்வு மூளையின் செயல், மூளை ஒழுங்காக இயங்கும்போது அது எழுகின்றது, மூளை சிதைந்தால் அதுவும் சிதைகின்றது" என்பது அவ்விடை. கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் இதனைப் படிக்கின்றனர். படித்துவிட்டுக் கோயிலுக்கு வந்து, "அப்படியானால் உயிர் என்பது எங்கே?" என்று கேட்கின்றனர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளில் பசு இல்லையாயின், பதியை வணங்குவார் யார்? பாசத்தினின்றும் விடுபடுவார் யார்? கட்டிய கோயிலும் ஓதிய மந்திரமும் பயனற்றுப் போகும் அன்றோ? ஆகலின் இதற்கு விடை தேடுதல் நம் கடமை.

நம் ஆசாரியர்கள் பிறர் கொள்கையை மறைத்துவிட்டுத் தம் கொள்கையைச் சொன்னவர்கள் அல்லர். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முன்வைத்து, அதன் பின்னரே சுபக்கம் கூறினார். அந்நெறியைப் பின்பற்றி, விஞ்ஞானிகள் சொல்வதை முதலில் நடுநிலையோடு கேட்போம்.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அதனுள் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. 1848ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் இருப்புப்பாதை வேலையில் இருந்த பினியாஸ் கேஜ் என்பவருடைய கன்னத்தின் வழியாகப் புகுந்த இரும்புக் கம்பி ஒன்று மூளையின் முன்பகுதியைத் துளைத்துக்கொண்டு உச்சந்தலை வழியே வெளிப்பட்டது. அவர் இறக்கவில்லை. எழுந்தார், பேசினார். ஆனால் பொறுமையும் பொறுப்பும் உடையவராக இருந்தவர் பின்னர் முன்கோபமும் நிலையில்லாத மனமும் உடையவராய் மாறினார் என்று அவருடைய மருத்துவர் எழுதிவைத்தார். பின்னாளில் அவரே சிலி நாட்டில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைக்கும் அளவுக்குத் தேறினார் என்பதும் உண்மை. எனினும் குணம் என்று நாம் போற்றுவது மூளையைச் சார்ந்து நிற்கின்றது என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டியது.

அடுத்துத் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவருடைய ஆராய்ச்சி. 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தவர்களின் துன்பத்தை ஆராய்ந்தார். கை வெட்டப்பட்ட பின்னும் அந்தக் கை இருப்பதாகவே சிலர் உணர்வர். இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு வலிக்கும். அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நோயாளியின் நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு செய்தார். நல்ல கையை விரித்தபோது, இல்லாத கையும் விரிந்ததாக நோயாளி உணர்ந்தார். சிலருக்கு நெடுநாள் வலி தணிந்தது. "என் கை" என்னும் உணர்வைத் தோற்றுவிப்பது கையன்று, மூளை தன்னுள் வரைந்து வைத்திருக்கும் படமே என்பது இதனால் பெறப்பட்டது.

மூன்றாவது செய்தி மிகவும் வியப்புடையது. மூளை இரு பாதிகளாக உள்ளது. அவ்விரண்டையும் இணைக்கும் நரம்புப் பாலத்தைக் கடுமையான வலிப்பு நோயைத் தணிப்பதற்காகச் சிலருக்கு அறுத்தனர். அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரி என்பார் 1981இல் நோபல் பரிசு பெற்றார். பேச்சுக்குரிய இடப்பாதி அறியாத வகையில், வலப்பாதிக்கு மட்டும் "நட" என்னும் கட்டளையை எழுத்தில் காட்டினால் அந்த மனிதர் எழுந்து நடப்பார். ஏன் எழுந்தீர் என்று கேட்டால், "குடிக்க ஏதேனும் எடுத்துவரப் போகின்றேன்" என்று தயக்கமின்றி விடை சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தாம் அறியாத செயலுக்கும் ஒரு காரணத்தைப் புனைந்து, "நான் நினைத்தேன், நான் செய்தேன்" என்று உரிமை கொண்டாடும் ஒரு கருவி அவருள் இருக்கின்றது. அறுவை செய்யப்படாத நம் தலைக்குள்ளும் அக்கருவி இருக்கத்தான் செய்கின்றது.

இனிச் சித்தாந்தம் கூறுவதைக் கேட்போம். மேற்கூறிய செய்திகளைக் கேட்டுச் சைவன் அஞ்ச வேண்டுமா? சிறிதும் வேண்டுவதில்லை. "நான்" என்று எழும் உணர்வு சடப்பொருளின் காரியம் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. முப்பத்தாறு தத்துவங்களுள் ஆன்ம தத்துவம் இருபத்து நான்கு. அவற்றுள் ஒன்று அகங்காரம். மனம் பற்றும், சித்தம் சிந்திக்கும், அகங்காரம் "யான்" என்று முனைந்து எழும், புத்தி இன்னதென்று துணியும். இந்நான்கு அந்தக்கரணங்களும் மாயையின் காரியங்கள். தமக்கென அறிவில்லாத சடங்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, பதின்மூன்றாம் நூற்றாண்டில், திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் நான்காவதில் இதனைத் தெளிவுபடுத்தினார். அந்தக்கரணங்களை அவர் அமைச்சர்க்கு ஒப்பிட்டார். உயிரை அரசனுக்கு ஒப்பிட்டார். அமைச்சன் அரசனுக்கு மிக நெருங்கியவன். ஆனால் அவன் அரசன் ஆகான்.

மூளையை ஆராய்ந்தவர் கண்டது இந்த அமைச்சனை. செய்யாத செயலுக்கும் காரணம் புனைந்து உரிமை கொண்டாடும் அக்கருவியை நம் நூல்கள் அகங்காரம் என்று வழங்கின. ஆகவே மூளை ஆராய்ச்சி நம் கொள்கையை வீழ்த்திற்று என்பதும் தவறு. விஞ்ஞானம் நம் சாத்திரத்தை மெய்ப்பித்துவிட்டது என்று ஆரவாரம் செய்வதும் தவறு. அவர்கள் கருவியை ஆராய்கின்றனர். கருவியைக் கொண்டு அறிபவன் எவன் என்பது வேறு வினா.

கருவியே போதாதா, அறிபவன் ஒருவன் எதற்கு என்று வினவலாம். இவ்வினா பழமையானது. உலோகாயதர் இதனை முன்பே கேட்டனர். வெற்றிலையிலும் பாக்கிலும் சுண்ணாம்பிலும் தனித்தனியே இல்லாத செந்நிறம் அவை கூடும்போது தோன்றுவதுபோல, பூதங்கள் கூடும்போது அறிவு தோன்றும் என்றனர். உங்கள் ஊர்ப்பக்கத்துப் பொருளைக் கொண்டே இதற்கு விடை காண்போம். திருவில்லிபுத்தூரில் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துக் கிளறிப் பால்கோவா ஆக்குகின்றனர். மணமும் பதமும் புதியனவாகத் தோன்றுகின்றன. ஆயினும் அந்தப் பால்கோவா தன் இனிப்பைத் தான் சுவைத்து அறியுமா? எத்தனை நாழிகை கிளறினாலும் அறியாது. இனிப்பு உண்டாவது வேறு. இனிப்பை அறிவது வேறு. செந்நிறத்தைக் காணவும் ஒருவன் வேண்டும். இனிப்பைச் சுவைக்கவும் ஒருவன் வேண்டும்.

விஞ்ஞானிகளுள் நேர்மையானோர் இந்த இடைவெளியை ஒப்புக்கொள்கின்றனர். டேவிட் சால்மர்ஸ் என்னும் தத்துவ அறிஞர் 1995இல் இதனைக் கடினமான வினா என்று பெயரிட்டு எழுதினார். நரம்பணுக்களின் இயக்கம் எவ்வாறு உணர்வாகின்றது என்பது 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று கிறிஸ்டோப் காக் என்னும் மூளை விஞ்ஞானி 1998இல் அவரோடு பந்தயம் கட்டினார். 2023இல் தாம் தோற்றதாக அவரே பலர் அறிய ஒப்புக்கொண்டார். நாளை அவர்கள் மேலும் பல உண்மைகளைக் கண்டறியலாம். கண்டறியட்டும்; மகிழ்வோம். எத்தனை கண்டறிந்தாலும், கண்டறிகின்ற ஒருவன் அங்கே இருந்தே தீருவான்.

மெய்கண்டார் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதற்குக் காட்டும் காரணங்களுள் சிலவற்றைச் சுருக்கமாகக் காண்போம். உயிர் இல்லை என்று ஒருவன் மறுக்கின்றான். அங்ஙனம் மறுக்கும் அறிவு எதுவோ அதுவே உயிர். உடம்பைத் தனக்கு உரிய உடைமையாகச் சுட்டுகின்றோம். உடைமை வேறு, உடையவன் வேறு. கண் ஒலியை அறியாது. செவி நிறத்தை அறியாது. ஐந்தையும் ஒருங்கே அறிவது ஐந்தின் வேறாகல் வேண்டும். உறக்கத்தில் உடம்பு கிடக்கின்றது, மூச்சு ஓடுகின்றது. ஆயினும் நுகர்ச்சியும் செயலும் இல்லை. ஆகவே உடம்பும் மூச்சும் அறிபவன் அல்ல. இக்காலத்தார் "என் மூளை" என்று சொல்கின்றனரே, அங்கும் மெய்கண்டார் காட்டிய வேறுபாடு விளங்குகின்றது. "என் உயிர் என்றும் சொல்கின்றோமே, அப்படியானால் உயிருக்கும் வேறாக ஒருவன் உண்டோ?" என்று நுட்பமாக மறுப்பாரும் உளர். அது உபசார வழக்கு. வேறுபாடு ஆராய்ச்சியால் தெளியப்பட்ட இடத்தில் அச்சொல் உண்மை வழக்கு. வேறுபாடு இல்லாத இடத்தில் உபசாரம் என்க.

இன்னும் ஒரு தடை. "உயிர் அறிவுடையதாயின் மயக்க மருந்து கொடுத்தவுடன் அதன் அறிவு எங்கே போயிற்று?" என்பர். சித்தாந்தம் இங்கேதான் தனிச்சிறப்புடன் நிற்கின்றது. உயிர் தானே விளங்கும் பேரறிவு உடையது என்று நாம் சொல்லவில்லை. அது காட்டினால் காணும் இயல்புடையது. சார்ந்ததன் வண்ணம் ஆவது. கண்ணுக்குப் பார்வை உண்டு. ஆனால் விளக்கில்லாத அறையில் அது ஒன்றையும் காணாது. விளக்கு அணைந்தபோது கண் அழிந்தது என்று யாரும் சொல்லார். அதுபோலக் கருவிகள் நீங்கிய கேவல நிலையில் உயிர் ஒன்றையும் அறியாது கிடக்கும். நனவில் முப்பத்தைந்து கருவிகள், கனவில் இருபத்தைந்து, உறக்கத்தில் மூன்று, பேருறக்கத்தில் இரண்டு, உயிர்ப்படங்கலில் ஒன்று எனக் கருவிகள் ஒடுங்க ஒடுங்க அறிவும் ஒடுங்குதலை நம் நூல்கள் கணக்கிட்டே கூறின. கருவி கெட்டால் அறிவு மங்கும் என்பது நமக்கு எதிரான சான்று அன்று. நாம் சொல்லிவந்ததே ஆகும்.

மருத்துவர்கள் புறத்தே நின்று ஆராய்ந்தனர். அகத்தே நின்று ஆராய்ந்த ஒருவர் இந்த விருதுநகர் மாவட்டத்திலேயே பிறந்தார். 1879ஆம் ஆண்டு திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896இல் மதுரையில் தம் சிற்றப்பா வீட்டில் இருந்தபோது திடீரென மரண பயம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. பயந்து ஓடவில்லை, மருத்துவரை அழைக்கவில்லை. பிணம்போல் கை கால்களை நீட்டிப் படுத்து மூச்சை அடக்கி, "இறப்பது எது? இவ்வுடம்பு எரிந்தபின் நான் என்பதும் எரியுமோ?" என்று தம்முள் நாடினார். உடம்பின் வேறாய் ஒன்று நிற்பதை உணர்ந்தார். அதன் பின் நாள்தோறும் மீனாட்சியம்மை திருக்கோயிலுக்குச் சென்று அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் கண்ணீர் பெருக நின்றார். பெரியபுராணம் அவர் முன்பே படித்து உருகிய நூல். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை அடைந்த அவரே இரமண மகரிஷி. அவர் முடிவாகக் கண்டதை விளக்கும் முறையில் வேதாந்தத்துக்கும் நம் சித்தாந்தத்துக்கும் வேறுபாடு உண்டு. அதனை ஆராய இன்று காலம் போதாது. பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் "நான்" என்னும் சொல்லை அப்படியே நம்பிவிடாமல் அதனைத் தேடிச் சென்றான் என்பதே நாம் இங்குக் கொள்ளத்தக்கது.

அன்பர்களே! இவையெல்லாம் அறிவுக்கு விருந்தாக மட்டும் நின்றுவிடின் பயனில்லை. நேற்றைய சொற்பொழிவு முடிந்தபின், நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, நாற்பது ஆண்டு என்னோடு வாழ்ந்தவள் இப்போது என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்கிறாள். தன் பெயரையே மறந்துவிட்டாள். குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன். அவள் அங்கே இருக்கிறாளா ஐயா? நான் இதையெல்லாம் யாருக்குச் செய்கிறேன்?" என்றார். இந்தக் கேள்விக்கு விடை தராத சித்தாந்தம் ஏட்டிலேயே இருந்துவிட்டுப் போகலாம்.

விடை இதுதான். மறந்தது சித்தம்; தளர்ந்தது புத்தி; சிதைந்தது மூளை. உயிர் சிதையவில்லை. நாகசுரத்தின் சீவாளி பிளந்துவிட்டால் ஓசை எழாது. வித்துவான் கற்ற இராகம் அதனால் கெட்டுப்போகாது. தொட்டிலில் கிடந்த குழந்தை தன் பெயரை அறிந்திருந்ததா? "நான்" என்று சொல்லத் தெரிந்திருந்ததா? ஆயினும் தாய் யாருக்காகத் தாலாட்டினாள் என்று எவரும் கேட்டதில்லை. பெயரை அக்குழந்தைக்கு நாம் கொடுத்தோம். அதனைத் தாங்கும் வலிமை கருவிக்கு இல்லாதபோது நாமே அதனைக் காத்துவைத்துச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உயிர் தன்னை மறந்து கிடக்கும் காலத்திலும், அதனோடு பிரிவின்றி நிற்கும் இறைவன் அதனை மறப்பதில்லை. காட்டுபவனும் அவன், உடன்நின்று காண்பவனும் அவன். ஆகவே அந்தப் பெரியவர் ஊட்டும் ஒவ்வொரு கவளமும் அங்கே இருக்கும் ஓர் உயிருக்குச் சேர்கின்றது. அவ்வுயிர்க்குயிராய் நிற்கும் பெருமானுக்கும் சேர்கின்றது.

இத்துடன் வேறு சில சொல்லல் வேண்டும். மறதி கண்டவரை மருத்துவரிடம் காட்டுங்கள். சத்துக் குறைவாலும் சுரப்பிக் கோளாறாலும் மனச்சோர்வாலும் வரும் மறதி சில, மருந்தினால் சீர்படக்கூடியவை. வைத்தியநாதனை வழிபடுவோர் வைத்தியரை வெறுத்தல் முறையன்று. முதியவரை அதட்டாதீர்கள், "நான் யார் சொல்" என்று பலர் நடுவே சோதிக்காதீர்கள். வினைப்பயன் என்று சொல்லி ஒதுக்கிவைத்தல் சைவம் அன்று. வினை அவருக்கு வந்ததாயின், அவருக்குப் பணி செய்யும் வாய்ப்பு நமக்கு வந்தது. நெற்றியில் திருநீறு இடுங்கள்; இளமையில் அவர் ஓதிய பதிகத்தை அருகிருந்து பாடுங்கள். வேறு பல மறந்த பின்னும் பழகிய பாட்டுச் சிலரிடம் நெடுநாள் நிலைத்திருத்தலை மருத்துவர்களும் கண்டு கூறியிருக்கின்றனர்.

நல்ல நினைவோடு இருக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. அந்தக்கரணமாகிய அகங்காரம் ஒரு கருவி. அது இல்லாமல் உலகில் நடமாட இயலாது. அதற்கும் ஆழத்தில் நிற்பது ஆணவம். அது செம்பிற் களிம்புபோல் உயிரைத் தொன்றுதொட்டு மறைத்து நிற்பது. கருவியையே தான் என்று உயிரை மயங்கச் செய்வதும், அருளால் நடப்பதைத் தன் செயலென்று எண்ணச் செய்வதும் அதன் வேலை. வேடரிடை வளர்ந்த அரசகுமாரன் தன்னை வேடனென்றே எண்ணியிருந்தாற்போல, ஐம்புலன்களிடையே வளர்ந்த உயிர் தன்னை அறியாதிருக்கின்றது. "நீ இன்னான்" என்று உணர்த்தக் குருவருள் வேண்டும். ஒரு மூளை நரம்பு அடைபட்டால் ஒரே இரவில் நழுவிப்போகும் பெயரையும் புகழையும் கொண்டு அயலானோடு வழக்காடுவது எத்துணைப் பேதைமை!

கூத்தப்பெருமானுடைய திருமேனியைக் கண்ணாரக் காணுங்கள். ஊன்றிய திருவடியின் கீழ் முயலகன் கிடக்கின்றான். அவன் ஆணவத்தின் வடிவம் என்பர் பெரியோர். பெருமான் அவனைக் கொன்றுவிடவில்லை. எழாதபடி அழுத்தி வைத்திருக்கின்றான். ஆணவம் அழிவதில்லை, அதன் வலியே கெடுகின்றது என்னும் சித்தாந்தம் முழுவதும் அத்திருவடியில் அடங்கியுள்ளது. "நான்" என்று எழுவதை நாமே அடக்க முயன்றால், அடக்கியவன் நான் என்று அது மீண்டும் எழும். திருவடியின் கீழ் வைத்துவிட்டால் அது எழாது.

ஆதலின் நாள்தோறும் திருவைந்தெழுத்தை ஓதுங்கள். நினைவு இருக்கும்போதே நாவைப் பழக்குங்கள். நம்மை நாம் மறக்கும் நாள் ஒன்று வரினும், நம்மை மறவாத பெருமான் நம்மோடு இருக்கின்றான் என்னும் துணிவோடு வாழுங்கள். வைத்தியநாதப் பெருமான் திருவருள் நம் அனைவர்க்கும் துணை நிற்பதாகுக!

திருச்சிற்றம்பலம்